முப்பத்தேழாவது கணக்கு

கொள்முதல் நிலையத்தில் எனக்கு வேலை
அறுவடை முடிகிறவரை.
பட்டியல் எழுத்தர் என்று பெயர்.
மார்ச் இரண்டாம் சனிக்கிழமை
திருச்சியில் நுழைவுத்தேர்வு.
அதற்குள் ஆயிரத்து இருநூறு கணக்கு,
ஒன்றுக்கு ஐம்பது நொடி.

மேசையில் மேலே இருக்கிற நோட்டு அரசாங்கத்துடையது.
அடியில் இருப்பது
மன்னார்குடி பழைய புத்தகக் கடையில்
தொண்ணூறு ரூபாய்க்கு வாங்கிய திறனறி வினாக்கள்.
எனக்கு முன்னால் யாரோ பாதிவரை போட்டுப் பார்த்து
லாபம் நட்டம் வந்ததும் நிறுத்தியிருக்கிறார்கள்.
முதல் பக்கத்தில் விதிமுறை:
தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும்.
விட்டுவிட்டால் எதுவும் கழியாது.

அந்தப் புத்தகத்தில் யாருக்கும் பெயர் இல்லை.
அ ஒரு வேலையைப் பன்னிரண்டு நாளில் முடிப்பான்,
ஆ பதினெட்டு நாளில்.
சேர்ந்து செய்தால் ஏழு நாளும் ஐந்தில் ஒரு பங்கும்.
இங்கே வீரையனும் அந்தோணியும் சேர்ந்து
பதினோரு நாளாக லாரிக்குக் காத்திருக்கிறார்கள்.
வராத லாரியைச் சூத்திரத்தில்
எந்தப் பக்கம் கழிப்பது?
அடுக்கிய மூட்டைமேல் மல்லாந்து
கிரிக்கெட் பார்க்கிறான் அந்தோணி.

படகுக் கணக்கு எனக்கு வேகமாக வரும்.
மேட்டூரை மூடிய மறுவாரம்
கோரையாற்றில் ஓட்டத்தின் வேகம் பூஜ்ஜியம்.
போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றுதான்,
படகு இருந்தால்.

திராட்சைதான் படுத்தியது.
பச்சையில் தொண்ணூறு சதவீதம் நீர், உலர்ந்ததில் இருபது,
நாற்பது கிலோ காய்ந்தால் எத்தனை தேறும்?
மூன்று முறை தப்பு.
நான்காவது முறை திராட்சையை அடித்துவிட்டு
நெல் என்று எழுதினேன்.
ஐந்து. உடனே வந்தது.
பக்கத்திலேயே ஈரப்பதக் கருவி
இருபத்தொன்று காட்டிக்கொண்டிருந்தது.

அந்த இருபத்தொன்று அமிர்தவல்லியுடையது.
ஒன்பது மா குத்தகை.
பனிக்கு முன் தார்ப்பாய் மூடி, வெயில் ஏறத் திறந்து,
காலால் கிளறிக் கிளறி ஆறு நாள்.
பதினேழுக்கு இறங்கினால்தான் நாங்கள் தொடுவோம்.
என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.
ஏழாம் ராத்திரி
"தூக்கம் வரல, வெளிச்சத்துல உக்காரட்டுமா" என்று வந்தாள்.
கொசுவர்த்தியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு
புத்தகத்தை எட்டிப் பார்த்து
வாய்விட்டுப் படித்தாள்.

நேர்மையற்ற வணிகர் ஒருவர் வாங்கும்போது
நாற்பது கிலோவுக்கு
நாற்பத்தொரு கிலோ நிறுத்து எடுக்கிறார்.
வாங்கிய விலைக்கே சரியான எடையில் விற்றால்
லாபம் எத்தனை சதவீதம்?

"ரெண்டரை" என்றாள்.

எக்ஸ் எழுதி
அப்போதுதான் நான் சமக்குறி போட்டிருந்தேன்.
கடைசிப் பக்கம் புரட்டினேன்.
முப்பத்தேழு: ஆ. இரண்டரை.
எப்படி என்று நான் கேட்கவில்லை.
அவளும் தராசு இருந்த பக்கம் திரும்பவில்லை.
"அடுத்தது என்னாங்க?"
அடுத்ததில் இருநூற்றைம்பது மீட்டர் ரயில் ஒன்று
பிளாட்பாரத்தைக் கடந்து போனது.
"இதுல எனக்கு வேல இல்ல."
கொட்டாவி விட்டபடி தார்ப்பாய்க்குப் போய்விட்டாள்.

காலையில் பதினாறு புள்ளி எட்டு.
வீரையன் முதல் மூட்டையை ஏற்றினான்.
சாக்கு எடை கழித்து
சிவப்பு எழுத்து நாற்பத்தொன்றில் நின்றது.
மேல் நோட்டைத் திறந்தேன்.
நாற்பது என்று எழுதினேன்.
நூற்று இருபத்தெட்டு தடவை நாற்பது.
நடுவில் ஒருமுறை பேனா மக்கர் செய்தது,
உதறிவிட்டு எழுதினேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு
"பரீட்ச எப்பங்க" என்று கேட்டாள்.
இன்னும் பதினாறு நாள்.
"அடிச்சிருவீங்க."

அவள் வண்டி ரோட்டில் ஏறுவதற்குள்
போட்டு முடித்துவிட்டேன்.
மூட்டைக்கு ஒரு கிலோ, நூற்று இருபத்தெட்டு கிலோ.
மூன்று மூட்டை, மிச்சம் எட்டு.
ஐம்பது நொடி ஆகவில்லை.